தலைமுறை தலைமுறையாக ஜாஸ்: நியூ ஆர்லியன்ஸ் குடும்பங்கள் எப்படி விடாமல் பிடித்திருக்கின்றன?

தாளக்கட்டு:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஹூஸ்டனிலிருந்து காரில் நியூ ஆர்லியன்ஸ் போய் வந்தோம். இரவு ஃபிரெஞ்ச்மென் தெருவில் ஒரு முனையில் பையன்கள் கூடி பிராஸ் பேண்ட், அதாவது பித்தளை ஊதுவாத்தியங்களும் டிரம்ஸும் சேர்ந்த தெருக்குழு, வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதில் கடைக்குட்டிக்கு ஒன்பது வயதுக்கு மேல் இருக்காது. கையில் ட்ராம்போன். வாய்ப்பகுதி நசுங்கி, ஒரு இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. குழாயை முழுக்க நீட்ட அவன் கை போதவில்லை. எட்டாத சுரம் வரும்போது அதை விட்டுவிட்டு அடுத்த சுரத்தில் சரியாக வந்து சேர்ந்துகொண்டான். பாட்டு முடிந்ததும் குழாயின் அடியில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, உள்ளே சேர்ந்த எச்சில் நீரை ஊதித் தரையில் விட்டான். ஐம்பது வருடம் வாசித்தவர் மாதிரி அவ்வளவு நிதானம்.

பக்கத்தில் டியூபா ஊதிக்கொண்டிருந்தவர் அவனுடைய தாய்மாமன். பேசிப் பார்த்தேன். அவருடைய அப்பா டிரம்ஸ், அவருக்கும் அப்பா கிளாரினெட் என்றார். நம்மூரில் ஊர்ப்பெயர் சொல்வது மாதிரி வாத்தியப்பெயர் சொல்கிறார்கள்.

எனக்கு ஒரு மகள், பதினொரு வயது. பள்ளி பேண்டில் மூன்று வருடமாக ட்ரம்பெட். இப்போது பெட்டியையே திறப்பதில்லை. சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. அந்தப் பையனைப் பார்த்ததிலிருந்து இதே யோசனை. அந்தக் குடும்பங்களில் இது எப்படி நடக்கிறது? ரத்தத்தில் வருவதா, கண்டிப்பில் வருவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_இசைத்தட்டு:

நல்ல கேள்வி தம்பி. எனக்குக் கொஞ்சம் தெரிந்த குடும்பம் மார்சாலிஸ் குடும்பம். அதிலிருந்து தொடங்குகிறேன்.

எல்லிஸ் மார்சாலிஸ் 1934-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அவருடைய அப்பா இசைக்காரர் இல்லை, விடுதி நடத்தினார். கறுப்பர்களுக்கு நகரத்து ஓட்டல்களில் அறை கொடுக்காத காலம் அது. மார்ட்டின் லூதர் கிங், தர்குட் மார்ஷல், ரே சார்ல்ஸ் எல்லாம் அந்த விடுதியில் தங்கியிருக்கிறார்கள். மகன் கிளாரினெட்டில் தொடங்கி, சாக்ஸபோனுக்குப் போய், கடைசியில் பியானோவில் நிலைத்தார். அவருக்குப் பிடித்தது நவீன ஜாஸ். அந்த ஊரில் அதற்குக் கூட்டம் கிடையாது. சுற்றுலாக்காரர்களுக்குப் பழைய பாணிதான் வேண்டும். ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கிடைத்த வாசிப்புகளையெல்லாம் வாசித்து, பாடமும் நடத்திக் காலம் தள்ளினார்.

ஆறும் ஆண் பிள்ளைகள். பிரான்ஃபோர்ட் சாக்ஸபோன், வின்டன் ட்ரம்பெட், டெல்ஃபேயோ ட்ராம்போன், ஜேசன் டிரம்ஸ். ஆக நான்கு பேர் இசைக்கு வந்தார்கள். மூன்றாவது மகன் எல்லிஸ் அப்பாவின் பெயரையே வைத்துக்கொண்டிருந்தாலும் கவிதைக்கும் புகைப்படத்துக்கும் போனார். ம்போயாவுக்கு ஆட்டிசம், அவர் வீட்டோடு வளர்ந்தார். 2011-இல் அமெரிக்க அரசின் கலைகளுக்கான தேசிய அறக்கட்டளை, ஜாஸ் மாஸ்டர் பட்டத்தை அப்பாவுக்கும் நான்கு மகன்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. அதற்கு முன் ஒரு குடும்பத்துக்கு அப்படிக் கொடுத்ததில்லை.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். வின்டனுக்கு ஆறு வயதிலேயே ட்ரம்பெட் கிடைத்துவிட்டது. எல்லிஸ் அப்போது ஆல் ஹர்ட் என்ற பிரபல ட்ரம்பெட் கலைஞரின் குழுவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார், அவர் கொடுத்தது. ஆனால் வின்டன் அதை மனம் வைத்து எடுத்தது பன்னிரண்டு வயதில்தான். ஆறு வருடம்! அந்த ஆறு வருடமும் வீட்டில் பியானோ சத்தம் நிற்கவில்லை என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். பதினொன்றில் பெட்டி மூடியிருப்பதை வைத்து எதுவும் முடிவு கட்டாதீர்கள்.

கீழவீதி:

மரியாதையோடு மாறுபடுகிறேன் சார். இதெல்லாம் ஜெயித்த பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்கிற கதை. பெயர் பெற்ற அப்பாவுக்குப் பிறந்தால் கதவு தானாகத் திறக்கும். ஜாஸில் எத்தனை வாரிசுகள்! பெரிய ஜாஸ் குழுத் தலைவர் டூக் எலிங்டன் 1974-இல் இறந்ததும் மகன் மெர்சர் அந்தக் குழுவை அப்படியே ஏற்றுக்கொண்டார். சாக்ஸபோன் கலைஞர் ஆர்னட் கோல்மன் 1966-இல் பத்து வயது மகன் டெனார்டோவை டிரம்ஸில் உட்கார வைத்து இசைத்தட்டே போட்டார். இப்படி எந்தத் தெருப் பையனுக்கு நடக்கும்?

பழைய_இசைத்தட்டு:

கீழவீதி, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மார்சாலிஸ் வீட்டில் நடந்தது தலைகீழ்.

வின்டன் 1980-இல் பிரபல டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் குழுவில் சேர்ந்தபோது எல்லிஸ் மார்சாலிஸ் என்ற பெயர் அவர் ஊரைத் தாண்டிப் பலருக்குத் தெரியாது. 1984-இல் ஒரே இரவில் ஜாஸுக்கும் மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கும் கிராமி வாங்கினார் வின்டன். அதன் பிறகு உலகம் திரும்பி, இவன் அப்பா யார் என்று கேட்டது. நடுவில் 1982-இல் 'ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்' என்று ஒரு தட்டு வந்தது. ஒரு பக்கம் எல்லிஸும் இரண்டு மகன்களும். மறுபக்கம் சிகாகோவின் வான் ஃப்ரீமனும் அவர் மகன் சிகோவும். வான் ஃப்ரீமனும் சொந்த ஊரை விட்டு நகராமல் வாசித்த பெரிய கலைஞர். இரண்டு அப்பாக்களையும் வெளி உலகத்துக்குக் கூட்டிவந்ததில் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தத் தட்டு எனக்கு உசத்தி. எல்லிஸ் பியானோவைத் தொட்டதும் வேறு யாராலும் கொண்டுவர முடியாத ஒரு நிதானம் வரும். மகன்கள் பரபரவென்று போகும்போது அவர் கீழே இரண்டு சுரத்தை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

இன்னொன்று. எல்லிஸ் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. 1974-இலிருந்து அந்த ஊரின் கலைப் பள்ளியில், எல்லோரும் நாக்கா என்று சொல்லும் பள்ளியில், ஜாஸ் வாத்தியார். டெரன்ஸ் பிளான்சர்ட், டொனால்ட் ஹாரிசன், ஹாரி கானிக் ஜூனியர் எல்லாம் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள். இவர்கள் யாரும் மார்சாலிஸ் இல்லை. ஆனால் அவர்கள் வாசிப்பிலும் அவர் இருக்கிறார்.

முல்லைக்கொடி:

அப்பா மகன், அப்பா மகன் என்றே போகிறதே. அம்மாக்களைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

எல்லிஸின் மனைவி டோலரெஸ் மார்சாலிஸ் 2017-இல் இறந்தார். எல்லிஸ் இரவெல்லாம் வாசித்துவிட்டு வருவார். ஆறு பையன்களைக் கட்டி மேய்த்தது யார்? ஜான் பட்டீஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கினாரே, அவர்தான். எட்டு வயதில் குடும்பக் குழுவில் தாள வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவரைப் பதினொரு வயதில் பியானோ பக்கம் திருப்பியது அம்மா. தாளக்கட்டு அண்ணா, பதினொரு வயது! வாத்தியம் மாறுவதும் தொடர்ச்சிதான்.

இன்னொரு சொந்தம் சொல்கிறேன். கிட் ஜோர்டன் என்ற சாக்ஸபோன் கலைஞரும் ஆல்வின் பட்டீஸ்ட் என்ற கிளாரினெட் கலைஞரும் சகலைகள். அக்கா தங்கை இரண்டு பேரை மணந்தவர்கள். இருவருமே பெரிய வாத்தியார்கள். ஜோர்டன் வீட்டில் மகன்களில் கென்ட் புல்லாங்குழல், மார்லன் ட்ரம்பெட். மகள்களில் ஸ்டெஃபனி பாட்டு, ரேச்சல் வயலின். அந்த அக்கா தங்கை வழியாகப் பார்த்தால் பாதி நியூ ஆர்லியன்ஸ் ஒரே குடும்பம். ஆனால் புத்தகங்களில் ஆண்கள் பெயர்தான் வரும்.

அப்புறம் ஆலிஸ் கோல்ட்ரேன். ஊர் வேறு, டெட்ராய்ட்டில் பிறந்தவர். இந்தக் கேள்விக்கு அவரை விட்டால் முழுமை இல்லை. அவர் கணவர், பெரிய சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1967 ஜூலையில் இறந்தபோது மகன் ரவிக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. ரவி சங்கர் மேல் இருந்த மதிப்பில் வைத்த பெயர். அந்தத் துக்கத்தில் ஆலிஸ் போய்ச் சேர்ந்தது சுவாமி சச்சிதானந்தரிடம். கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர், 1969-இல் வுட்ஸ்டாக் மேடையில் பேசியவர். ஆலிஸின் 1971 இசைத்தட்டின் பெயரிலேயே அவர் இருக்கிறார். அதில் ஆலிஸ் ஹார்ப் வாசிக்க, பின்னால் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தடவை கேட்டபோது எங்கள் வீட்டுப் பூஜை அறை ஞாபகம் வந்தது.

ரவி பள்ளியில் கிளாரினெட் வாசித்தார். 1982-இல் அண்ணன் கார் விபத்தில் போனார். அதன் பிறகு சில வருடம் இசையை விட்டே விலகி இருந்தார். இருபது வயதை ஒட்டித்தான் சாக்ஸபோனை முழுதாகப் பிடித்தார். அப்பா உயிரோடு உட்கார்ந்து ஒரு பாடம்கூடச் சொல்லித்தரவில்லை. 2004-இல் அம்மா பல வருடம் கழித்து ஒரு தட்டு வெளியிட்டபோது அதைத் தயாரித்தது ரவி. அதில் அம்மாவோடு வாசித்திருக்கிறார். ஆலிஸ் 2007 ஜனவரியில் இறந்தார். அந்தத் தட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கீழவீதி:

ரவி கோல்ட்ரேனை நினைத்துப் பாருங்கள். அதே வாத்தியம், அதே குடும்பப் பெயர். மேடை ஏறும்போதே கேட்பவன் மனதில் அப்பாவின் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். இதைச் சுமை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

முல்லைக்கொடி:

சுமைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அப்பா மாதிரி ஊதப் பார்க்கவில்லை. கேட்டுப் பாருங்கள். அப்பாவிடம் இருந்த அந்த வெள்ளம் இவரிடம் இல்லை. யோசித்து, இடம் விட்டு, மெதுவாகத் திறப்பார். அவருக்கு அது போதும்.

நள்ளிரவு_வானொலி:

எல்லோரும் தொடர்ச்சியைப் பேசுகிறீர்கள். அது அறுந்து போகப் பார்த்த கதையை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்பரின் குடும்பம். தாத்தா இசிடோர் பார்பரின் ஆன்வர்ட் பிராஸ் பேண்டில் ஊதியவர், 1871-இல் பிறந்தவர். ஜாஸ் என்ற பெயர் வருவதற்கு முந்தைய தலைமுறை. அவருடைய மகன் பால் பார்பரின் டிரம்ஸ். இசிடோரின் மகள் வயிற்றுப் பேரன் டேனி பார்க்கர், 1909-இல் பிறந்தார். பாஞ்சோ, கிட்டார் இரண்டும் வாசிப்பார். பால் அவருக்குத் தாய்மாமன். டேனி 1930-இல் நியூயார்க் போனார். கேப் காலோவேயின் பெரிய குழுவில் பல வருடம் கிட்டார் வாசித்தார். 1965-இல் மனைவி புளூ லூ பார்க்கரோடு ஊர் திரும்பினார்.

திரும்பி வந்து பார்த்தால் பிராஸ் பேண்டுகளில் எல்லாம் நரைத்த தலைகள். ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். இளசுகளுக்கு ரேடியோவில் வருகிற பாட்டு போதும். தாய்மாமன் பால் 1969 பிப்ரவரியில் மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் டிரம் அடித்துக்கொண்டு போகும்போதே இறந்துபோனார். ஒரு வம்சத்தின் கடைசி ஆட்கள் தெருவிலேயே விழுந்துகொண்டிருந்த நேரம் அது.

1970-ஐ ஒட்டி ஃபேர்வியூ பாப்டிஸ்ட் சர்ச் பாதிரியார் டேனியிடம், பிள்ளைகளுக்கு ஒரு பேண்ட் அமைத்துத் தாருங்கள் என்று கேட்டார். டேனிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பையன் ட்ரம்பெட் சாதகம் செய்வது காதில் விழுந்திருந்தது. லிராய் ஜோன்ஸ், பன்னிரண்டு வயது. அவனைத் தலைமையாக வைத்து, அவன் வீட்டு கராஜில் ஒத்திகை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். குட்டி வின்டனும் பிரான்ஃபோர்டும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். பார்பரின் வம்சத்துப் பையன் லூசியனும் இருந்தான். பின்னாளில் ஹாரி கானிக் ஜூனியரோடு உலகம் சுற்றிய ட்ராம்போன் கலைஞர் லூசியன் பார்பரின் அவர்தான். 2020 ஜனவரியில் இறந்தார்.

இங்கே கவனியுங்கள். டேனி தன் தாத்தாவின் சொத்தைத் தன் சொந்தத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை. சர்ச் வாசலில் வந்து நின்ற எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்தார். பாட்டு மட்டும் இல்லை: தொப்பியை எப்படி வைக்க வேண்டும், சவ ஊர்வலத்தில் எவ்வளவு மெதுவாக அடி எடுத்து வைக்க வேண்டும், உடலை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது எந்த இடத்தில் டிரம்மின் சத்தத்தைக் கூட்ட வேண்டும், எல்லாம். இதை எந்தப் பள்ளியிலும் எழுதி வைக்கவில்லை.

பிள்ளைகளை வைத்துக் கூலி இல்லாமல் வேலை வாங்குகிறார் என்று இசைக்கலைஞர்கள் சங்கத்திலிருந்து பேச்சு வந்தது. டேனி 1974-இல் ஒதுங்கிக்கொண்டார். ஆனால் பையன்கள் நிற்கவில்லை. லிராய் தலைமையில் ஹரிகேன் பிராஸ் பேண்ட். அந்த வழியில் வந்தவர்கள் சேர்ந்து 1977-இல் டர்ட்டி டசன் பிராஸ் பேண்ட். அதில் டியூபா ஊதிய கிர்க் ஜோசஃபும் ட்ராம்போன் ஊதிய சார்ல்ஸ் ஜோசஃபும் அண்ணன் தம்பிகள். அவர்களுடைய அப்பா ஃபிராக் ஜோசஃப் பழைய தலைமுறை ட்ராம்போன் கலைஞர். இன்று அந்த ஊரில் தெருவுக்குத் தெரு கேட்கிற பிராஸ் பேண்ட் சத்தத்தில் பெரும்பகுதி அந்த கராஜில் தொடங்கியது. தாளக்கட்டு பார்த்த ஒன்பது வயதுப் பையனும் டேனிக்குக் கடன்பட்டவன் என்றே சொல்வேன்.

ரத்தமா, கண்டிப்பா என்று கேட்டீர்கள். தெருதான் என்பது என் பதில். அந்த ஊர் ஊர்வலத்தில் முன்னால் போகும் குழுவுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போகும் கூட்டத்தை செகண்ட் லைன் என்பார்கள். குழந்தை நடக்கத் தொடங்கியதும் அதில் இறங்கிவிடும். கையில் பாட்டில் கிடைத்தால் பாட்டிலைத் தட்டும். ட்ராம்போன் ஷார்ட்டி என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த ட்ராய் ஆண்ட்ரூஸ் ட்ரெமே பகுதியில் அப்படி வளர்ந்தவர். வாத்தியம் ஆளைவிடப் பெரிதாக இருந்ததால் அண்ணன் ஜேம்ஸ் வைத்த பெயர் அது. நான்கு வயதில் ஜாஸ் திருவிழாவில் பிரபல ராக் கலைஞர் போ டிட்லியோடு மேடையில் நின்றார்.

கீழவீதி:

ஃபேர்வியூ கதை எனக்குத் தெரியாது. நன்றி. என் வாதத்தில் பாதியை விட்டுவிடுகிறேன்.

மீதிப் பாதி இது. 1985-இல் பிரான்ஃபோர்ட், தம்பி வின்டனின் குழுவை விட்டு பாப் பாடகர் ஸ்டிங்கோடு கச்சேரிக்குப் போனார். பியானோ வாசித்த கென்னி கிர்க்லண்டும் கூடவே போனார். வின்டனுக்கு அது பெரிய அடி. மரபைக் காப்பது என்றால் பாப் பக்கம் போகக்கூடாது என்று ஒருவர். எதையும் வாசிக்கலாம் என்று மற்றவர். ஒரே அப்பா, ஒரே வீடு, ஒரே பியானோ. வின்டன் பிறகு நியூயார்க்கின் கலை மையமான லிங்கன் சென்டரில் ஜாஸுக்கென்று ஒரு பெரிய நிறுவனத்தை எழுப்பி, 1997-இல் ஜாஸுக்கு முதல் புலிட்சர் வாங்கினார். ஆனால் அவர் வகுத்த எல்லைக்குள் பல நல்ல கலைஞர்கள் வரவில்லை என்பது என் வருத்தம். கிட் ஜோர்டன் மாதிரி கட்டுப்பாடில்லாமல் ஊதியவர்களும் அதே ஊர்தானே? மரபைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் அது யாருக்கு?

பழைய_இசைத்தட்டு:

இந்த இடத்தில் உங்களோடு நிற்கிறேன். வின்டன் செய்தது பெரிய வேலை. அவர் இல்லாவிட்டால் பல பேருக்கு டூக் எலிங்டன் பெயரே தெரிந்திருக்காது. ஆனால் எல்லை போட்ட விஷயத்தில் எனக்கும் மனக்குறை உண்டு. அப்பா எல்லிஸே 1956-இல் ஆர்னட் கோல்மனைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸ் வரை போனவர். புதுசு என்றால் பயப்படாதவர்.

அண்ணன் தம்பி பிறகு சேர்ந்துகொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவோடு எல்லோரும் ஒரே மேடையில் வாசித்த கச்சேரிகள் இருக்கின்றன.

நள்ளிரவு_வானொலி:

2005 கத்ரீனா வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரே முழுகி, இசைக்காரர்கள் ஹூஸ்டன், அட்லாண்டா என்று சிதறிவிட்டார்கள். வீடு இல்லாமல் எப்படித் திரும்புவார்கள்? பிரான்ஃபோர்டும் ஹாரி கானிக் ஜூனியரும் வீடு கட்டித்தரும் தொண்டு நிறுவனமான ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டியோடு சேர்ந்து மேல் ஒன்பதாவது வார்டில் மியூசிஷியன்ஸ் வில்லேஜ் கட்டினார்கள். 72 வீடுகள். நடுவில் 2011-இல் திறந்த இசை மையத்துக்கு எல்லிஸ் மார்சாலிஸ் பெயர். மகனும் மாணவனும் சேர்ந்து வாத்தியாருக்குச் செய்தது. தெருவில் ஆள் இருந்தால்தானே தெருவில் இசை இருக்கும்.

எல்லிஸ் 2020 ஏப்ரல் 1 அன்று கோவிட் தொற்றில் போனார். அதற்குச் சில மாதம் முன்புவரை ஃபிரெஞ்ச்மென் தெருவில் ஸ்நக் ஹார்பர் என்ற ஜாஸ் அரங்கில் வெள்ளிக்கிழமை தோறும் வாசித்தார், ஏறக்குறைய முப்பது வருடம். ஊரடங்கு நேரம் என்பதால் அவருக்கு முறையான ஊர்வலம் இல்லை. எத்தனை பேருக்கு வாசித்து வழியனுப்பிய ஊர். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

தாளக்கட்டு:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். சாரும் அக்காவும் நள்ளிரவு அண்ணாவும் எழுதியதில் ஒரு விஷயம் என்னை விடவில்லை: வீட்டில் பியானோ சத்தம் நிற்கவில்லை என்பது. எல்லிஸ் பிள்ளைகளுக்காக வாசிக்கவில்லை. அது அவர் வேலை, வாசித்தார். பிள்ளைகள் காதில் விழுந்தது.

என் பெயரைப் பார்த்தே யூகித்திருப்பீர்கள். பதினெட்டு வயதுவரை மிருதங்கம் வாசித்தவன் நான். பதினாறு வருடமாக அது உறைக்குள் கராஜ் அலமாரியில் இருந்தது. மகளிடம் சாதகம் செய் என்று சொல்லும் நான், அவள் பிறந்ததிலிருந்து அவள் எதிரில் ஒரு தடவைகூட வாசித்ததில்லை. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை எடுத்தேன். வார் தளர்ந்து போயிருந்தது. சுருதிக்கு வரவே முக்கால் மணி நேரம் தட்ட வேண்டியிருந்தது. தொப்பிக்கு, அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்துக்கு, ரவை பிசைந்துகொண்டிருந்தபோது மகள் வந்து கதவருகே நின்றாள். சாப்பிடுகிற ரவையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஏன் என்றாள். தொம் என்று கனமாகச் சத்தம் வர என்று தட்டிக் காட்டினேன். நான் வைக்கட்டுமா என்றாள். கட்டைவிரலால் நன்றாகவே அப்பினாள். கனம் கூடி, சத்தம் செத்துப் போனது. அவளே தட்டிப் பார்த்து, கொஞ்சம் வழித்தெடுத்து, மறுபடி தட்டிப் பார்த்தாள். நான்கைந்து தடவை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ட்ரம்பெட் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வாசிக்கப் போகிறேன்.